வி.பி.என். போட்டால் முகவரி மறைந்துவிடுமா?

அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. நெல்லிக்குப்பத்தில் இருக்கும் பிள்ளைகளை முகம் பார்த்துப் பேச, அங்குள்ள அத்தாமார் சிலர் வி.பி.என். போட்டுக்கொள்கிறார்கள். 'நாம் யாரென்றே தெரியாது' என்ற தைரியம் வேறு. அது பாதிதான் உண்மை.

செயலியை இயக்கியதும் நம் கைப்பேசி அந்நிறுவனத்தின் சர்வரோடு இணைகிறது. சர்வர் தன் கையிருப்பிலிருந்து 10.8.0.2 என்பது போல ஓர் எண்ணை நமக்கு ஒதுக்குகிறது. விடுதி அறை எண் மாதிரி, உள்ளே மட்டும்தான் அது செல்லும். வெளியே தெரிவது சர்வரின் பொது ஐ.பி. முகவரி, அதே முகவரியில் பலர் போவார்கள். உள்ளே போவது அழைப்பா, செய்தியா என்று தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாததால் தடையும் வேலை செய்வதில்லை.

ஆனால் அந்நிறுவனம் நம் சிம்முக்குக் கொடுத்த முகவரி எங்கும் போகவில்லை. அதிலிருந்து ஒரு வி.பி.என். சர்வருக்கு இணைப்பு போவதை அது பார்க்க முடியும். நம் உண்மையான முகவரி வி.பி.என். நடத்துபவருக்கும் தெரியும். இலவசச் செயலி என்றால் அவர் யாரென்று நமக்குத்தான் தெரியாது!

குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ போலி ஐ.பி. முகவரியையோ பிறர் முகவரியையோ பயன்படுத்தினால் சிறை, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் அபராதம், அல்லது இரண்டில் ஒன்று என்கிறது அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம். வி.பி.என். வைத்திருப்பதே குற்றம் என்று அதில் இல்லை. ஆனாலும் தடை செய்த அழைப்புக்காக அதைப் போடுபவர் இந்தச் சட்டத்துக்கு மிக அருகில் நிற்கிறார் என்றே நாம் கருதுகிறோம்.

போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் அங்கே இருக்கின்றன. அதையே இங்கே வீட்டுக் கைப்பேசியிலும் போட்டுக்கொண்டால் போதும்.