சிந்தினால் துடைக்கட்டும்!

'வாழ்க்கைத் திறன்' என்றாலே வார இறுதி வகுப்பும் கட்டணமும்தான் இப்போது பலருக்கு நினைவுக்கு வருகின்றன. டியூஷன் பலகைகளுக்குப் பஞ்சமில்லாத நங்கநல்லூரில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால், வீட்டிலேயே தொடங்க வேண்டிய பாடம் இது. அதைச் சொல்லித்தந்தவர் நமக்கு அருகில், அடையாறில் வாழ்ந்திருக்கிறார்.

1939 நவம்பரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஆசிரியர்களுக்குச் சில மாதம் பயிற்சி தந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். உலகப் போர் வழியை மறித்தது. 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அவரது முதல் பயிற்சிக்கு நாடெங்கிலுமிருந்து சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள்.

அவர் முறையில் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் வருபவை அன்றாட வேலைகள்: பொத்தான் போடுவது, மேசை துடைப்பது, காய் நறுக்குவது, தண்ணீர் ஊற்றுவது. மூன்று வயதுக் குழந்தை ஒரு சின்னக் கூஜாவிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் மாற்றுவதைக் கவனியுங்கள். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். கண் கூஜாவின் விளிம்பை விட்டு அகலாது. கொஞ்சம் சிந்தும். பக்கத்திலேயே துணி இருக்கும். குழந்தை துடைத்துவிட்டு மறுபடி ஊற்றும். கை பழகுவதோடு, 'தப்பானால் சரிசெய்துகொள்ளலாம்' என்ற தைரியமும் வரும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 10 வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுப்பதும் சிக்கலைத் தீர்ப்பதும் உணர்ச்சிகளைக் கையாள்வதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அஸ்திவாரம் இந்தத் தைரியம்தான்.

அன்றாட வேலைகளிலேயே பிள்ளைகளுக்கு இதைப் பழக்கலாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கட்டும். கடையில் 50 ரூபாய் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கட்டும். ஆணோ பெண்ணோ, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கட்டும். ஆஞ்சநேயர் கோயில் கூட்டத்தில் கை நழுவிப்போனால் யாரிடம் போய் நிற்பது, எந்த போன் நம்பரைச் சொல்வது என்று முன்கூட்டியே பழக்குங்கள். வகுப்பில் பென்சில் சண்டை வந்தால், டீச்சர் தீர்ப்புச் சொல்லும் முன் இருவரையும் பேசவிடலாம்.

இதற்கெல்லாம் பெரியவர்கள் தர வேண்டியது நேரம்தான். ஸ்கூல் வேன் வந்துவிடும் என்ற பதற்றத்தில் அம்மா ஷூ மாட்டிவிடுகிறார், பாட்டி இட்லியை ஊட்டிவிடுகிறார். அன்பால் செய்வதுதான், ஆனால், பிள்ளையின் பாடம் அங்கே பறிபோகிறது. பத்து நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். ஷூவைத் தானே மாட்டட்டும். இடது வலது மாறினால் மாறட்டும். நாலடி நடந்ததும் தானே கழற்றி மாற்றிக்கொள்ளும்.