பெருகும் புரோசஸ் யார் கணக்கில்?

பிடிபி-7 கணினியில் யூனிக்ஸ் முதன்முதலாக உருவானபோது, ஒரு புரோசஸ் தன்னையே நகலெடுத்து இன்னொன்றைப் பிறப்பிக்கும் 'ஃபோர்க்' வசதிக்குத் தேவைப்பட்டது 27 வரி அசெம்பிளிதான் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டெனிஸ் ரிச்சி எழுதியிருக்கிறார். பிறந்ததெல்லாம் நிற்காமல் பிறப்பித்துக்கொண்டே போனால் என்ன செய்வது? அதற்காக எழுதிய கெர்னல் பேட்சுகள் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

1975இன் ஆறாம் பதிப்பில் மொத்தக் கணினிக்கும் 50 புரோசஸுக்குத்தான் இடம். தவறாக எழுதிய ஒரு லூப் போதும், பட்டியல் நிரம்பிவிடும். மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1979இல் வந்த ஏழாம் பதிப்பு இரண்டு தடைகளைப் போட்டது: ஒரு பயனருக்கு 25க்கு மேல் கிடையாது, பட்டியலின் கடைசி இடம் சூப்பர்யூசருக்கு மட்டும். நிலைமை கைமீறும்போது நிர்வாகி உள்ளே வர வழி வேண்டும் என்று யோசித்து வைத்த அந்தக் கடைசி இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பயனர் எண் என்றால் ஒரு மனிதர், அவரை எழுந்துபோய்க் கேட்டுவிடலாம் என்ற நம்பிக்கையும் அந்த வரிகளுக்குள் இருந்தது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு, ஏற்கெனவே புகுந்த கணினிகளிலேயே திரும்பத் திரும்பப் புகுந்து புரோசஸ்களாகக் குவிந்தபோது, எழுந்துபோய்க் கேட்க யாரும் இல்லை.

பயனர்வாரி வரம்பு லினக்ஸுக்கும் வந்தது. வந்த இடத்தில் அதுவே ஓட்டையானது. ரூட்டாகத் தொடங்கும் நிரல் பாதியில் சாதாரணப் பயனராக இறங்குவது வழக்கம். அந்தப் பயனரின் வரம்பு நிரம்பியிருந்தால் இறங்கும் முயற்சி தோற்கும். தோற்றதா என்று பார்க்காத நிரல், ரூட் அதிகாரத்தோடே ஓடிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் ரூட் அதிகாரம் பெற ஒரு கூட்டம் இதைத்தான் பயன்படுத்தியது: வேண்டுமென்றே புரோசஸ்களைக் குவித்து வரம்பை நிரப்பிவிட்டால், மீண்டும் தொடங்கும் பிழைதிருத்த (டீபக்) சேவை கீழே இறங்க முடியாமல் ரூட்டாகவே நின்றுவிடும். 2011இல் லினக்ஸ் 3.1 அந்தச் சோதனையை அடுத்த நிரலை ஏற்றும் கட்டத்துக்குத் தள்ளிவைத்தது. இது மாதிரி பேட்சைப் பரிசீலிப்பவர் 'பெருக்கம் நிற்கிறதா' என்று மட்டும் பார்த்தால் போதாது. தடுக்கப்பட்ட நிரல் அடுத்து என்ன செய்யும் என்பதுதான் பெரிய கேள்வி.

அதே 2011இல் கெர்னல் நிரலாளர் கமேசாவா ஹிரோயூக்கி பெருக்கத்தைத் தடுக்க இன்னொரு வழியை முன்வைத்தார். இடையில் இருக்கும் பெற்றோர் புரோசஸ் செத்துவிட்டால் வம்சாவளி அறுந்துவிடும்; மூலக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கெர்னலே வம்சக் கணக்கை எழுதி வைத்து, மொத்தக் கொடியையும் அறுக்கட்டும் என்றார். அழகான யோசனை. ஆனால் ஒழுங்காக நடக்கும் ஒவ்வொரு ஃபோர்க்கும் அந்தக் கணக்கின் சுமையைத் தாங்க வேண்டும். அது ஏற்கப்படவில்லை. இன்னொரு நிரலாளரான ஃபிரெடெரிக் வைஸ்பெக்கர், புரோசஸ்களைக் குழுக்களாகப் பிரிக்கும் சிகுரூப் வசதியில் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை டாஸ்க் என்று எண்ணலாம் என்றார். கெர்னல் நினைவகத்துக்கு வரம்பு வைத்தால் பெருக்கமும் தானாக அடங்குமே, தனியாக எதற்கு எண்ண வேண்டும் என்று எதிர்க்கேள்வி வந்தது.

அந்த வாதம் தோற்க 2015 ஆனது. புரோசஸ் எண்களே தீர்ந்துபோகும் சரக்கு. அன்றைய வழக்கமான உச்சம் 32,768. நினைவகம் தாராளமாக உள்ள சர்வரில் நினைவக வரம்பைத் தொடும் முன்பே எண்கள் காலியாகலாம். இந்த வாதத்தோடு அலெக்ஸா சராய் எழுதிய பிட்ஸ் கன்ட்ரோலர் லினக்ஸ் 4.3இல் சேர்ந்தது. ஃபோர்க் நடக்கும் முன்பே குழுவின் கணக்கில் ஒன்று கூட்டும். வரம்பு மீறினால் மறுக்கும். ஆனால் ஏற்கெனவே ஓடும் புரோசஸை நிரம்பிய குழுவுக்கு மாற்றினால் தடுக்காது. இருப்பு வரம்பைத் தாண்டி நிற்கும், புதுப் பிறப்புக்கு மட்டும் தடை. முதல்முறை படிப்பவருக்கு இது பிழையாகத் தெரியும். தெரிந்தே எடுத்த முடிவு.

எந்த எண்ணை வைப்பது என்பதில் கெர்னல் தலையிடவில்லை. இயல்பான மதிப்பு 'வரம்பில்லை'. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி துணிந்து ஒவ்வொரு சேவைக்கும் 512 என்று வைத்தது. நூலிழைகளும் (த்ரெட்) அதே கணக்கில் சேர்வதால் பெரிய சேவைகள் முட்டிக்கொண்டன. 2016இல் அதை மொத்த வரம்பில் 15 சதவீதமாகத் தளர்த்தினார்கள்.

பழைய பயனர்வாரி வரம்பையும் கன்டெய்னர்கள் குழப்பிவிட்டன. ஒரே சர்வரில் வெவ்வேறு கன்டெய்னர்கள் ஒரே பயனர் எண்ணில் ஓடினால், ஒரே ரேஷன் அட்டையில் நாலு குடும்பம் அரிசி வாங்கிய கதைதான்: ஒருவர் வாங்கியது அடுத்தவர் அளவில் குறையும். 2021இல் லினக்ஸ் 5.14 இந்தக் கணக்கைப் பயனர் பெயர்வெளி (யூசர் நேம்ஸ்பேஸ்) வாரியாகப் பிரித்தது. பிரித்ததில் நேர்ந்த பிழைகளை அடுத்த ஆண்டு உட்கார்ந்து திருத்தினார்கள்.

அதே 5.14இல் வந்த இன்னொரு சேர்க்கை அதிகம் பேசப்படவில்லை. முன்பெல்லாம் ஒன்றைக் கொல்வதற்குள் இரண்டு பிறந்திருக்கும். பட்டியலைப் பார்க்கும் கட்டளைக்குக்கூட ஒரு புது புரோசஸ் வேண்டும், அதற்கு இடம் இருக்காது. இப்போது குழுவின் 'கில்' கோப்பில் 1 என்று எழுதினால், எழுதும் நேரத்தில் பிறப்பவை உட்பட அந்தக் குழு முழுவதும் சாகும். எழுதப் பயன்படும் 'எக்கோ' ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கும் கட்டளை. அதற்குப் புது புரோசஸ் தேவையில்லை.