சந்தேகமா, சான்றா? வீட்டில் ஒரு மர்ம விருந்து

தவணை விடுமுறை வந்துவிட்டால் வீடுகளில் பிள்ளைகள் கூடுவது வழக்கம். சாச்சியின் பிள்ளைகள், மாமியின் பிள்ளைகள், பக்கத்து வீட்டுத் தோழிகள் என்று ஓர் அறை நிறைந்துவிடும். ஆனால் அரை மணித்தியாலம் போனதும் ஆளுக்கொரு மூலையில் கைபேசியோடு ஒதுங்கிவிடுகிறோம். எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி இருத்தி, இரண்டரை மணித்தியாலம் பேசவும் சிந்திக்கவும் வைக்கும் ஒரு விளையாட்டைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன். அதுதான் மர்ம விருந்து.

விருந்துக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாக மாறுகிறார்கள். கதையில் ஒரு கொலை நடந்திருக்கிறது. கொலையாளி அந்த மேசையில் இருப்பவர்களில் ஒருவர். சுற்றுச் சுற்றாக வெளிவரும் துப்புகளைக் கொண்டு, கேள்விகள் கேட்டு, அவர் யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ‘கொலையை வைத்தா விளையாட்டு?’ என்று பெற்றோர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்விதான். விளையாட்டை விளக்கிய பின் அதற்கும் பதில் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது?

இவ்விளையாட்டின் வரலாற்றில் இங்கிலாந்துக்கு முக்கிய இடம் உண்டு. முதலாம், இரண்டாம் உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அங்கே துப்பறியும் நாவல்கள் பெரிதும் வாசிக்கப்பட்டன. பெரிய வீடுகளில் விருந்தினர் கூடினால் ‘கொலையாளி யார்?’ என்று விளையாடுவதும் பரவியிருந்தது. பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த அந்தனி பிராட் என்ற இசைக் கலைஞர், போர்க்காலத்தில் இதை ஒரு பலகை விளையாட்டாக வடிவமைத்து 1944 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போருக்குப் பின் நிலவிய பொருட் தட்டுப்பாட்டினால் 1949 இல்தான் அது விற்பனைக்கு வந்தது. அதுவே இன்று உலகெங்கும் விளையாடப்படும் ‘குளூடோ’. அதில் சந்தேக நபர்கள் 6 பேர், ஆயுதங்கள் 6, அறைகள் 9. பெருக்கிப் பார்த்தால் 324 விடைகள் சாத்தியம். விளையாடுபவர் ஊகித்து வெல்வதில்லை. பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்தே எஞ்சிய ஒன்றை அடைகிறார்.

இன்னொரு பெயரையும் அறிந்திருப்பது நல்லது. ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929 இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்டெடுத்த துப்பை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. சுருங்கச் சொன்னால், விடையைக் கண்டுபிடிக்கத் தேவையான யாவும் வாசகர் கையிலும் இருக்க வேண்டும். வீட்டில் நடத்தும் மர்ம விருந்துக்கும் இந்த நேர்மைதான் அத்திவாரம்.

விடையிலிருந்து தொடங்குங்கள்

கதையை முதலிலிருந்து எழுதத் தொடங்கினால் நடுவில் சிக்கிவிடும். விடையை முதலில் எழுதிக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். யார் செய்தார், ஏன் செய்தார், எப்படிச் செய்தார், எப்போது செய்தார் என்ற நான்குக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். பிறகு மற்ற ஐந்து பேரும் ஏன் குற்றவாளி அல்ல என்பதற்கு ஒவ்வொரு காரணம் எழுதுங்கள். அந்தக் காரணங்கள்தாம் பின்னர் துப்புகளாக மாறும்.

நாங்கள் எழுதிய கதையையே உதாரணமாகத் தருகிறேன். இரத்தினக்கல் வியாபாரத்துக்குப் பெயர்போன பேருவளையில் ஒரு வியாபாரியின் வீடு. மாலை 6.55 க்குச் சமையற்காரி தேநீர் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைக்கிறார். 7 மணிக்குக் கரண்ட் போகிறது. டோர்ச் எடுப்பதற்காக அவர் மாடிக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வருகிறார். 7.30 க்குக் கரண்ட் வந்தபோது மேசையில் சாய்ந்து இறந்து கிடக்கிறார். தேநீரில் நஞ்சு. சந்தேக நபர்கள் ஆறு பேர்: சமையற்காரி, மூத்த மகள், மருமகன், கணக்குப்பிள்ளை, குடும்ப வைத்தியர், கொழும்பிலிருந்து வந்த தரகர்.

கணக்கில் கையாடல் செய்த கணக்குப்பிள்ளைதான் கொலையாளி. வியாபாரி மாடிக்குப் போன அந்தப் பத்து நிமிட இருட்டில் அவர் மெழுகுதிரியோடு அறைக்குள் நுழைந்து தேநீரில் நஞ்சைக் கலந்துவிட்டார். இதுவே விடை. இனி இதைத் துண்டு துண்டாக வெட்டி ஆறு அட்டைகளுக்குள் ஒளிக்க வேண்டும்.

துப்புகளை எழுதும் முறை

ஒரு துப்பு தனியாக நின்று விடையைச் சொல்லிவிடக் கூடாது. இருவரிடம் உள்ள இரண்டு துப்புகள் சேரும்போதுதான் உண்மை வெளிவர வேண்டும். அப்போதுதான் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசுவார்கள். எங்கள் கதையில் கணக்குப்பிள்ளை, ‘ஏழு மணிச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்கிறார். கேட்பவருக்கு அதில் தவறே தெரியாது. ‘ஏழு மணிக்குச் சோறு வடிக்கும்போது கரண்ட் போனது, அரிக்கன் விளக்கைக் கொளுத்தினேன்’ என்பது சமையற்காரியின் அட்டையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே பொய் பிடிபடும்.

குற்றமற்றவரை விடுவிக்கும் துப்புகளும் இதே அளவு முக்கியமானவை. தேநீர் கொண்டுபோனவர் என்பதால் சமையற்காரி மீது சந்தேகம் விழும். ஆனால் மகளின் அட்டை சொல்கிறது: ‘கரண்ட் போவதற்கு முன் வாப்பா ஒரு மிடறு குடித்தார், பிறகு என்னோடு மாடியில் டோர்ச் தேடினார்.’ வைத்தியரின் அறிக்கையோ, நஞ்சு வாயில் பட்ட கணத்திலேயே கொல்லக்கூடியது என்கிறது. ஆகவே தேநீர் வந்தபோது அது சுத்தமாகவே இருந்தது. மேசையில் கிடந்த மெழுகுத் துளியும் அவரைக் காப்பாற்றுகிறது. அவர் கையில் இருந்தது அரிக்கன் விளக்கு. தரகரும் வைத்தியரும் திண்ணையில் பேசிக்கொண்டிருந்ததை எதிர்க் கடைக்காரர் கண்டிருக்கிறார்.

பொய் சொல்லும் நிரபராதி ஒருவரும் வேண்டும். எங்கள் கதையில் மருமகன், தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். அவருடைய சட்டைப் பையில் அளுத்கம பேக்கரி ஒன்றின் பற்றுச்சீட்டு இருக்கிறது; நேரம் மாலை 7.05. மனைவிக்குத் தெரியாமல் கேக் ஒன்று வாங்கப் போனவர் அவர். பொய் சொன்னவரெல்லாம் குற்றவாளி அல்லர் என்பதை விளையாடுபவர்கள் இங்கே கண்டுகொள்வார்கள்.

ஆயத்தங்கள்

ஆறு பாத்திரங்களுக்கு ஆறு பேரும், நடத்துவதற்கு ஒருவரும் என ஏழு பேர் போதும். கூடுதலாக வருபவர்கள் இருவர் சேர்ந்து ஒரு பாத்திரத்தை எடுக்கலாம். இறந்தவர் பாத்திரத்தை எவருக்கும் கொடுக்க வேண்டாம். ஒரு கிழமைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் அவருடைய பாத்திரத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். பழைய மூக்குக் கண்ணாடி, தொப்பி, உம்மும்மாவின் சால்வை, வாப்பாவின் பழைய டயறி ஆகியவை வேடத்துக்குப் போதுமானவை.

ஒவ்வொருவருக்கும் மூன்று கடித உறைகள் தயார் செய்யுங்கள். முதலாவதில் தான் யார், அன்று மாலை என்ன செய்தார் என்பது இருக்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் புதிய துப்புகள் இருக்கும். எங்கள் கதையில் கணக்குப் புத்தகத்தில் கிழிக்கப்பட்ட பக்கம் இரண்டாம் சுற்றிலும், கணக்குப்பிள்ளையின் மேசை லாச்சியில் கிடந்த பாதி எரிந்த மெழுகுதிரி மூன்றாம் சுற்றிலும் வெளிவந்தன. விடையை வேறோர் உறையில் இட்டு, ஒட்டி, எல்லோருக்கும் தெரியும்படி அலுமாரி மேல் வைத்துவிடுங்கள். நடுவில் விடை மாற்றப்படவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

விதி ஒன்றே ஒன்று: கொலையாளி மட்டுமே புதிதாகப் பொய் சொல்லலாம். மற்றவர்கள் தங்கள் அட்டையில் உள்ளதை மாற்றக் கூடாது.

விருந்து நாள்

பிற்பகல் 3.30 க்குத் தொடங்கினால் 6 மணிக்குள் முடித்துவிடலாம். எல்லோரும் நேரத்தோடு வீடு போய்ச் சேரலாம் என்பதால் பெற்றோருக்கும் கவலை இல்லை. முதல் 15 நிமிடம் அறிமுகம். பிறகு 25 நிமிடம் வீதம் மூன்று சுற்றுகள். இரண்டாம் சுற்று முடிந்ததும் அஸர் தொழுகைக்கும் சிற்றுண்டிக்குமாக 35 நிமிட இடைவேளை. கட்லட், ரோல்ஸ், சர்பத் என்று கையில் எடுத்துச் சாப்பிடக்கூடியவையே வசதி. கதையில் தேநீரில் நஞ்சு என்பதால் யாராவது நிச்சயம் பிளேன்டீக் கோப்பையைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அந்தச் சிரிப்பும் விருந்தின் ஒரு பகுதிதான். மீதி நேரம் தீர்ப்புக்கு. ஒவ்வொருவரும் கொலையாளியின் பெயரையும் அதற்கான இரண்டு துப்புகளையும் தாளில் எழுத வேண்டும். துப்பில்லாத பெயருக்குப் புள்ளி இல்லை.

முதற் சுற்று முடிவிலும் இதேபோல் எழுதி வாங்கிவிடுங்கள் என்பது என் சொந்த ஆலோசனை. கடந்த வருட இறுதி விடுமுறையில் எங்கள் வீட்டில் இதை நடத்தியபோது, முதற் சுற்றின் ஆறு தாள்களில் நான்கில் சமையற்காரியின் பெயர் இருந்தது. ‘தேத்தண்ணி கொண்டு போனது அவதானே’ என்று மூவர் எழுதியிருந்தனர். ‘ஏழை, காசுக்காகச் செஞ்சிருப்பா’ என்று நான்காமவள் எழுதியிருந்தாள். கதையில் பணத்தைப் பற்றி அதுவரை ஒரு சொல்கூட வரவில்லை. சமையற்காரியாக நடித்த என் சாச்சியின் மகள், ‘நான் வாயத் தொறக்க முந்தியே எல்லாரும் முடிவெடுத்துட்டீங்களே’ என்று உண்மையாகவே முகம் வாடிவிட்டாள்.

பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த உம்மும்மா அப்போது ஒரு விடயம் சொன்னார். அவர் சிறு வயதில் இருந்த தெருவில் ஒரு வீட்டில் மோதிரம் ஒன்று காணாமற் போனதாம். வேலைக்கு நின்ற பிள்ளையை அன்றே ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். மூன்று மாதம் கழித்து அந்த மோதிரம் தலையணை உறைக்குள் இருந்து விழுந்ததாம். ‘மோதிரம் கிடைச்சத எல்லாருக்கும் சொன்னாங்க. அந்தப் புள்ளைக்கு மட்டும் ஒருத்தரும் போய்ச் சொல்லல்ல’ என்றார். மேசையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

கடைசிச் சுற்றில் சமையற்காரியின் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. ஐந்து பேர் கணக்குப்பிள்ளையை எழுதி, இரண்டு துப்புகளையும் குறித்திருந்தனர்.

பெற்றோருக்கு

‘கொலையை வைத்தா விளையாட்டு?’ என்ற கேள்விக்கு வருகிறேன். சில எல்லைகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டால் பயப்பட எதுவும் இல்லை. நாட்டிலோ ஊரிலோ உண்மையாக நடந்த மரணத்தைக் கதையாக்கக் கூடாது. உறவினர், ஆசிரியர் எவரையும் நினைவூட்டும் பாத்திரம் கூடாது. அண்மையில் மரணம் நிகழ்ந்த வீட்டுப் பிள்ளை வருவதாக இருந்தால், கொலைக்குப் பதில் காணாமற் போன மாணிக்கக்கல்லை வைத்து எழுதுங்கள். விளையாட்டின் சுவை சிறிதும் குறையாது. நஞ்சுக்குப் பெயரோ விவரமோ வேண்டாம். இரத்தம், காயம் போன்ற வர்ணனைகளும் தேவையில்லை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தாலும் களவுக் கதையே பொருத்தம்.

இந்த எல்லைகளுக்குள் விளையாடினால் கொலை கதைக்கு ஒரு காரணம் மட்டுமே. பிள்ளைகள் உண்மையில் பழகுவது ஒருவரைக் குற்றம் சாட்டுவதற்கு முன் ‘உன்னிடம் என்ன சான்று இருக்கிறது?’ என்று தம்மைத் தாமே கேட்பதைத்தான். அன்றாட வாழ்வில் நமக்கு முதற் சுற்றுத் தாள் மட்டுமே கிடைக்கிறது. யாரோ சொன்னதை, யாரோ அனுப்பியதை வைத்து ஒரு பெயரை எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். இரண்டாவது, மூன்றாவது உறையைத் திறக்கும் வரை பொறுத்திருக்கும் பழக்கம் ஒரு விளையாட்டால் வருமென்றால், அதற்காக ஒரு பிற்பகலைக் கொடுக்கலாம்.

தோழியரே, அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்து முதலில் விடையை எழுதுங்கள். அதற்கு அடுத்த வரியில், உங்கள் கதையில் முதலில் சந்தேகிக்கப்படப் போகும் நிரபராதி யார் என்று எழுதுங்கள். அவரை விடுவிக்கும் துப்பைத்தான் மற்றெல்லாத் துப்புகளையும்விடக் கவனமாக எழுத வேண்டும்.