தென்முக மேடையும் இரு பருவ வெயிலும்

வெயிலைக் கண்டால் ஒதுங்குவது நம்மவர் பழக்கம். நெல்லைச் சீமையிற் பிறந்த நாம் அப்பழக்கத்தைக் கல்கா–சிம்லா இருப்புப்பாதையிலுள்ள சோலனுக்கும் கொண்டுவந்தோம். அதன் பயனையும் அனுபவித்தோம்.

மலைச்சரிவில் தெற்கு நோக்கிய வாடகை வீடு; முன்புறம் பத்தடி அகல மேடை. கோடை வெயிலில் அங்கு நிற்க இயலவில்லை. வீட்டுக்காரரின் இசைவு பெற்று, மேடை முழுவதையும் தகரத்தால் மூடினோம்; முன்விளிம்பின் உயரம் ஆறடியே. ஆனியும் ஆடியும் இனிதே கழிந்தன. மார்கழியில் ஊரிலிருந்து வந்த அன்னையார், அறையின் குளிர் தாங்காது மூட்டுவலியால் உறக்கமிழந்தார். எதிர்வீட்டு மூதாட்டியோ திறந்த மேடையில் வெயில் காய்ந்தபடி கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். “அந்த அம்மாளுக்குக் கிடைக்கிற வெயில் நமக்கு ஏன் ஐயா இல்லை?” என்று அன்னையார் வினவினார். நம்மிடம் மறுமொழி இல்லை.

காரணம் எளிது. சோலன் ஏறத்தாழ 31 பாகை வடக்கே உள்ளது. ஜூன் 21 நண்பகலில் சூரியன் 82 பாகை உயரத்தில், தலைக்கு மேல் நிற்பது போல் தோன்றும். டிசம்பர் 22 நண்பகலிலோ தெற்கே 36 பாகை உயரத்திற்குத் தாழ்ந்துவிடும். கோடை வெயில் மேலிருந்து விழுகிறது. குளிர்கால வெயில் முன்னிருந்து நுழைகிறது. முன்னதைத் தடுத்துப் பின்னதை வரவேற்பதே நல்ல கூரை.

மறு ஆண்டு பிழையைத் திருத்தினோம். சுவரையொட்டி நான்கடிக்கு மட்டும், எட்டடி உயரத்தில் தகரம். மார்கழி நண்பகலில் அதன் நிழல் சுவரில் மூன்றடிக்கு மேல் இறங்குவதில்லை. அதன்கீழ் ஐந்தடி வெயில் கதவு வழியே அறைக்குட் புகுகிறது. எஞ்சிய ஆறடிக்கு மூங்கிற் பந்தலிட்டுத் திராட்சைக் கொடி ஏற்றினோம். கோடையில் இலையடர்ந்து நிழல் தரும். குளிரில் இலையுதிர்த்து வெயிலுக்கு வழிவிடும். என்றும் பசுமையான கொடி இங்கு ஆகாது. கொடி படரும் வரை பந்தலின்மேல் சாக்கு விரித்துச் சமாளித்தோம். மாலை வெயிலுக்கு மேற்கே ஒரு மூங்கில் தட்டி போதும்.

மற்றொன்றும் மறக்கலாகாது. 2023 ஆகஸ்டு 14 அன்று பெருமழையால் சிம்லாவின் சம்மர் ஹில் அருகே மண் சரிந்து, இருப்புப்பாதை அந்தரத்தில் தொங்கியது. சரிவில் நீர் தேங்கினால் விளைவு இதுவே. மேடையைத் தாங்கும் கற்சுவரின் நீர்த்துளைகளை அடைக்காதீர்கள். கூரைநீரைக் குழாயிட்டு வடிகாலிற் சேருங்கள்.

இவ்வாண்டு அன்னையார் கதவருகே பாய் விரித்து, வெயிலிற் கால் நீட்டி அமர்ந்தார். மலையில் மேடை அமைக்க எண்ணும் அன்பர்கள், டிசம்பர் நண்பகலில் வெயில் எட்டும் இடத்தை முதலில் சுண்ணாம்பாற் குறித்துக்கொள்ளுங்கள். தகரம் வாங்குவது அதன் பிறகு ஆகட்டும்.