பிரைவேட் கணக்கின் படங்களைக் காட்டுவதாகச் சொல்லும் தளங்கள்: உள்ளே நடப்பது என்ன?

‘பிரைவேட் இன்ஸ்டாகிராம் கணக்கின் படங்கள் தயார் என்கிறது ஒரு தளம். பத்து நிமிடத்துக்குள் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் அழிந்துவிடுமாம். என்ன செய்வது?’ வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கடிகாரம் எதையும் அழிக்காது. பக்கத்தை மூடிவிடுங்கள்.

நம்பவைக்கும் விதம்தான் கவலை தருகிறது. பெயரைத் தட்டியதும் சரியான முகப்புப் படம் வருகிறது, ஃபாலோயர் எண்ணிக்கையும் பொருந்துகிறது. பிரைவேட் கணக்கிலும் இவை எவர் கண்ணுக்கும் தெரிபவைதான். அவற்றை எடுத்துப் போட்டுவிட்டு, கீழே மங்கலான கட்டங்களை அடுக்கிவிடுகிறார்கள். அவை அந்த நபரின் படங்களே அல்ல. ‘78 சதவீதம் முடிந்தது’ என்று நகரும் பச்சைக் கோட்டுக்கும் இன்ஸ்டாகிராம் சர்வருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடுத்தது, ‘நீங்கள் மனிதர்தானா?’ என்ற சரிபார்ப்பு. ஆப்பை இறக்கு, போன் எண்ணைக் கொடு, பரிசுக் கூப்பன் படிவத்தை நிரப்பு. நிரம்பும் ஒவ்வொரு படிவத்துக்கும் விளம்பரதாரரிடமிருந்து தளக்காரருக்குக் கமிஷன். ஒன்றை முடித்தால் இன்னொன்று முளைப்பது அதனால்தான்.

நிஜமான ஓட்டையே கிடைக்காதா? கிடைத்திருக்கிறது. 2021-ல் சோலாப்பூர் இளைஞர் ஒருவர், ஃபாலோ செய்யாமலேயே பிரைவேட் பதிவுகளைப் பார்க்கும் வழி இருப்பதைக் கண்டறிந்து இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான ஃபேஸ்புக்கிடம் தெரிவித்தார். ஓட்டையை அடைத்த நிறுவனம் அவருக்கு 30,000 டாலர் கொடுத்தது. அவ்வளவு விலை போகும் விஷயத்தை முன்பின் தெரியாதவருக்கு இலவசமாக யார் தருவார்?

‘100 சதவீதம் ரகசியம்’ என்பதையும் நம்பாதீர்கள். யாரைத் தேடினீர்கள் என்பது உங்கள் போன் எண்ணோடு சேர்ந்து அவர்கள் கைக்குப் போகிறது. பின்னால் மிரட்ட அதுவே போதும்.

அந்தத் தளத்தில் என் இன்ஸ்டாகிராம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன்? உடனே மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

அவர்கள் தந்த ஆப்பை (ஏபிகே கோப்பு) நிறுவிவிட்டேன்? இணையத்தைத் துண்டித்து அதை நீக்குங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள்.

பணம் போய்விட்டது? தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அடுத்தவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

என் கணக்கு பிரைவேட், போதாதா? ‘அனுமதித்தவர் மட்டுமே பார்க்கலாம்’ என்பது நிறுவனத்தின் வாக்குறுதி. அனுமதி பெற்றவர் படத்தின் இணைப்பை நகலெடுத்து அனுப்பினால் வெளியாளுக்கும் அது திறக்கிறது என்று 2019-ல் செய்தி வெளியானது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது போலத்தான் இதுவும் என்று ஃபேஸ்புக் பதில் சொன்னது. எனவே ஃபாலோயர் பட்டியலை இன்றே பாருங்கள். தெரியாதவர்களை நீக்குங்கள். நீக்கியது பற்றி அவர்களுக்கு அறிவிப்பு போகாது.