ராத்திரியில் உங்கள் கடைப் பெயர் படிக்கத் தெரியுமா? எல்இடி எழுத்து போர்டு வாங்கும் முன்...

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்குபவரும், தர்மபுரி – அரூர் சாலையில் பைக்கில் போகிறவரும் உங்கள் கடையைக் கவனிப்பது சில விநாடிகள்தான். அதனால், ஃப்ளெக்ஸை எடுத்துவிட்டு எல்இடி எழுத்துகளுக்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்களா? ஒருமுறை செய்துவிட்டால் திருத்துவது சுலபமில்லை. ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எந்த வகை நல்லது?

அக்ரிலிக் முகப்பு வழியாக வெளிச்சம் நேராக வருவது ஒரு வகை. தூரத்திலிருந்து படிக்க இதுதான் வசதி. மெடிக்கல், ஹோட்டல், மளிகைக்குப் பொருந்தும். ஸ்டீல் எழுத்தின் பின்னாலிருந்து சுவரில் வெளிச்சம் பரவுவது இன்னொரு வகை. பார்க்க ரிச்சா இருக்கும். ஆனால் பின்னணி ஷீட் பளபளப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மேட் ஷீட் கேளுங்கள்.

எவ்வளவு உயரம்?

10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது பொதுவான கணக்கு. 100 அடியிலிருந்து படிக்க 10 அங்குலம் வேண்டும்.

தமிழில் இங்கேதான் ஏமாறுவோம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தமிழில் 'பூ' கீழே இறங்கும், 'ர்' புள்ளியோடு மேலே ஏறும். மொத்தமாக '12 அங்குலம்' என்று சொன்னால், நடுவில் 'ப'வும் 'ர'வும் அதைவிடச் சின்னதாகிவிடும். "'ப' மட்டும் எத்தனை அங்குலம் வரும்?" என்று கேளுங்கள்.

புள்ளி, சுழி பத்திரம்

புள்ளி தனித் துண்டு. அதற்குள்ளும் விளக்கு வேண்டும். அது எரியாவிட்டால் 'மொரப்பூர்' இருட்டில் 'மொரபபூர' ஆகிவிடும். ண, ஞ, ழ போன்றவற்றின் சுழி இறுக்கமாக இருந்தால் வெளிச்சம் கலந்து எழுத்தே மங்கும். சுழி அகலமான, பட்டையான எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

மழையும் கரன்ட்டும்

எல்இடி மாட்யூல்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும். வீட்டு மின்சாரத்தை அப்படி மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ். 1.5 வாட் மாட்யூல் 100 என்றால் 150 வாட். இதற்குச் சரியாக 150 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டால் சூடேறி சீக்கிரம் போய்விடும். 200 வாட் போடுங்கள். தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் சுமார் 22.5 யூனிட்.

மாட்யூல் ஐபி67 தரத்தில் இருக்கட்டும், எஸ்எம்பிஎஸ் மழை படாத இடத்தில் இருக்கட்டும். எழுத்தின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டையும் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் கட்டாயம். மற்ற மொழிகள் இருந்தால் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம். ஆங்கில லோகோவைப் பெரிதாக வைத்து, தமிழை ஓரத்தில் ஒட்டினால் பிறகு போர்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. மாட்யூலுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் எத்தனை வருட வாரன்டி என்று பில்லில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன், இருட்டிய பிறகு சாலையின் எதிர்ப்பக்கம் நின்று போர்டைப் பாருங்கள். புள்ளி உட்பட எல்லாம் எரிகிறதா? உங்கள் கடைக்குப் புதிதாக வரும் ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் படித்தால் பணத்தைக் கொடுக்கலாம்.