பழைய ஜீப்புக்கு எந்த அடுப்பு?

பழைய ஜீப் ஒன்றை மறுபடி ஓட வைக்க ஒரு குடும்பம் உட்கார்ந்தால், சண்டை பெயிண்ட் நிறத்தில் வருவதில்லை. எஞ்சினில் வருகிறது. "அதோட வந்த பெட்ரோல் எஞ்சினையே சரி பண்ணுடா, போதும்" என்பது அப்பா கட்சி. "இன்னைக்கு விக்கிற விலைக்குப் பெட்ரோல் ஊத்தி யாருப்பா ஓட்டுறது? டீசல் எஞ்சின் ஒண்ணு புடிச்சு உக்கார வச்சிடலாம்" என்பது மகன் கட்சி. ஏரியூரில் டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சை எடுத்தால் மூன்றாவது கட்சி ஒன்றும் வந்து சேரும்: "ரெண்டும் வேணாம், பழைய இரும்புக்குப் போடுங்க."

மூன்றாவது கட்சியை விட்டுவிடுவோம். அப்பாவா, மகனா என்று தீர்ப்புச் சொல்ல, எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும். அதற்கு மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தாலே விளங்கிவிடும்.

இதே சண்டையை அமெரிக்காவில் முக்கால் நூற்றாண்டாகப் போடுகிறார்கள். 1932-இல் ஃபோர்டு கம்பெனி, சாமானியர் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் கார் ஒன்றை இறக்கியது. கலிஃபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டு, பானெட் எல்லாவற்றையும் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தார்கள். அந்த எட்டு சிலிண்டரை முறுக்கேற்றி, வறண்டு கிடந்த ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டார்கள். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கியதும் நாகமரைப் பக்கம் தெரியுமே ஒரு வெட்டவெளி, அப்படி ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிகளுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர். 1955-இல் செவர்லே கம்பெனியின் புது எட்டு சிலிண்டர் வந்தது. ஃபோர்டு 65 குதிரைத்திறனில் தொடங்கியிருந்தது. இது 162-இல் தொடங்கியது. அதன்பின் ஃபோர்டு உடம்புக்குள் செவர்லே எஞ்சின் ஏறியது. அது துரோகமா, புத்திசாலித்தனமா என்ற வழக்கு அங்கே இன்னும் தீரவில்லை.

நம் பக்கத்துக் கதை ஜீப்பில் இருக்கிறது. 1945-இல் தொடங்கிய மகிந்திரா கம்பெனி, அந்தப் பத்தாண்டின் கடைசியிலேயே அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. பிறகு சிஜே-3பி என்ற மாடல் இங்கே நெடுங்காலம் ஓடியது. முகம் உயரமாக, பானெட் தூக்கலாக இருக்கும் அந்த ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரம் அழகுக்காக வைத்ததில்லை. உள்ளே இருந்த 'ஹரிக்கேன்' எஞ்சின் முந்தைய எஞ்சினைவிட உயரம். பானெட்டைத் தூக்கினால்தான் மூட முடிந்தது. நாலு சிலிண்டர், 2,199 சிசி, 70 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். அப்பா காப்பாற்றச் சொல்வது இதைத்தான்.

சரி, அடுப்பைப் பற்றவைப்போம்.

முதலில் விறகு. பெட்ரோல் தனியாக எரியாது, காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று. ஊதாங்குழலை வாயில் வைத்துக்கொண்டு, எவ்வளவு ஊதினால் தீ பிடிக்கும், எவ்வளவு ஊதினால் அணையும் என்று பாட்டி கைப்பழக்கத்தில் பார்ப்பாளே, அந்த வேலையைச் செய்வது கார்புரேட்டர். மார்கழி விடிகாலையில் ஈரச் சுள்ளிக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளிப்பதுபோல, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க 'சோக்' என்ற குமிழ் இருக்கிறது.

பிறகு மூடி. கலந்த காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் வந்ததும், பிஸ்டன் மேலே ஏறி அதை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அமுக்குகிறது. குக்கர் கேஸ்கெட் தேய்ந்தால் விசில் வராமல் ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போகுமல்லவா? பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள்தான் இங்கே கேஸ்கெட். ரிங் தேய்ந்தால் அமுக்கம் கீழே ஒழுகும், வண்டி மேட்டில் திணறும், புகைக்குழாயில் நீலப் புகை வரும்.

அப்புறம் தீக்குச்சி. அமுங்கிய கலவையில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறி விடுகிறது. சூட்டில் வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் கிராங்கைச் சுற்றுகிறது.

இந்தச் சுற்றுவதில்தான் ஜீப் எஞ்சினின் குணம் இருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல ராகிக் களியை விட்டால் வேறு உதாரணம் வேண்டாம். களி கிண்டும்போது கை வேகமாகச் சுழல வேண்டியதில்லை. மெதுவாகச் சுற்றினாலும் துடுப்பு நிற்காமல் சுற்ற வேண்டும். மாவு இறுக இறுக, நீளத் துடுப்பைப் பிடித்தவள் ஜெயிப்பாள். கரண்டியைப் பிடித்தவள் தோற்பாள். ஹரிக்கேன் எஞ்சினில் சிலிண்டரின் அகலம் 79 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 111. நீளத் துடுப்பு. ஆகவே வேகம் குறைவாக இருக்கும்போதே இழுவை வந்துவிடும். சேற்றிலும் ஏற்றத்திலும் முதல் கியரில் ஆமை மாதிரி நகர்ந்தாலும் நின்றுபோகாது.

கடைசியில் புகை வெளியேற வேண்டும். இரண்டாம் உலகப் போர் ஜீப்பில் காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே, பிளாக்குக்குள் இருந்தன. விறகு கொண்டுவருகிறவளும் புகையும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கிற சமையலறை அது. ஃபோர்டின் பழைய எட்டு சிலிண்டரும் இந்த ஜாதிதான். ஹரிக்கேனில் பாதிச் சீர்திருத்தம் நடந்தது. காற்று வரும் வால்வை மட்டும் தலைக்கு மேல் ஏற்றினார்கள். புகை பழைய பக்கவாசலிலேயே போயிற்று. கூரையில் ஒரு திறப்பு விட்டதுபோல மூச்சு தாராளமாக வந்தது, 60 குதிரைத்திறன் 70-ஐத் தாண்டியது. பானெட் உயர்ந்ததும் இதனால்தான்.

இனி மகன் சொல்லும் டீசல். இதில் தீக்குச்சியே கிடையாது. தாளிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் கடுகு விழுந்த மாத்திரத்தில் பொரிகிறது, யாரும் அதற்குத் தீ வைப்பதில்லை. டீசல் எஞ்சின் முதலில் வெறும் காற்றை மட்டும் இழுத்து, இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நெரிக்கிறது. நெரித்த காற்று காய்ந்த எண்ணெய் மாதிரிக் கொதிக்கிறது. அப்போது இன்ஜெக்டர் டீசலைத் தெளிக்க, அது தானே பற்றிக்கொள்கிறது. எண்ணெய் காயாமல் கடுகு போட்டால் சும்மா மிதக்கும். அதனால்தான் பழைய டீசல் ஜீப்பில் சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பொறுத்துவிட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இத்தனை நெரிசலைத் தாங்க எல்லாப் பாகமும் தடிமனாக இருக்க வேண்டும். தட்டலும் அதிர்வும் அதிகம்.

மகிந்திரா ஜீப்புகளில் வந்த டீசல்களில் பேர்போனது, பிரான்சின் பெழோ கம்பெனி உரிமத்தில் செய்த 2,112 சிசி எஞ்சின். அதன் திறன் 60 சொச்சம். அதாவது வெளியே போன பெட்ரோலைவிட உள்ளே வந்த டீசலுக்குக் குதிரைத்திறன் குறைவு. அமெரிக்கப் பையன்கள் வேகத்துக்காக எஞ்சினை மாற்றினார்கள். நம் ஆட்கள் பாக்கெட்டுக்காக மாற்றினார்கள். 2014 அக்டோபர் வரை டீசல் விலை அரசின் பிடியில் இருந்தது, பெட்ரோலைவிட நன்றாகவே மலிவு. அதோடு ஒரு லிட்டருக்குக் கூடுதல் தூரம். லோடு அடித்துப் பிழைத்தவர் மாற்றியதில் தப்பே இல்லை. ஆனால் அந்த விலை வித்தியாசம் இப்போது பெருமளவு சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பென்னாகரம் வரை போய்வரும் ஜீப்புக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று மகன்தான் சொல்ல வேண்டும்.

அடுப்பை மாற்றினால் அடுப்போடு போவதில்லை. விறகடுப்பு இருந்த இடத்தில் கேஸ் அடுப்பு வைத்துப் பாருங்கள். மேடை உயரம் ஒத்துவராது, அடி உருண்டையான பானை நிற்காது. ஜீப்பிலும் அப்படியே. எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுகளை வெட்டி ஒட்ட வேண்டும். மூன்று கியர் பெட்டியோடு புது எஞ்சினை இணைக்கத் தட்டு கடைய வேண்டும். ரேடியேட்டர், கிளட்ச், பேட்டரி எல்லாம் மாறும். எஞ்சின் வேகமானதாக இருந்தால், நாலு சக்கரத்திலும் இருக்கும் அந்தக் காலத்து டிரம் பிரேக் போதாது. எஞ்சின் விலையை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பவர்கள் பாதி பில்லைத்தான் பார்க்கிறார்கள்.

எனவே வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு முதலில் ஆர்சி புக்கை எடுங்கள். அதில் எரிபொருள் என்று என்ன போட்டிருக்கிறது? எஞ்சின் நம்பர் என்ன? பிறகு பானெட்டைத் தூக்கி, பிளாக்கின் வலது பக்கம், முன் மூலையில், தண்ணீர் பம்ப்புக்குப் பின்னால் பாருங்கள். கிரீஸும் செம்மண்ணும் பாறையாய் இறுகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாமல் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடையுங்கள். வழவழப்பான சின்ன மேடையில் எண்கள் தெரியும். அது ஆர்சியோடு ஒத்துப்போனால் அப்பா கட்சிக்குப் பாதி வெற்றி. ஒத்துப்போகாவிட்டால், இருப்பதே வேறு எஞ்சின். காப்பாற்ற வேண்டிய பழையது எப்போதோ போய்விட்டது. ஆர்சியிலேயே முறைப்படி டீசல் என்று ஏறியிருந்தால், மறுபடி பெட்ரோலுக்குத் திரும்பவும் காகிதம் வேண்டும்.

அடுத்து, இறுகிக் கிடக்கும் எஞ்சினை அவசரப்பட்டுச் சுற்றாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் விடுங்கள். பிறகு கிராங்க் ஹேண்டிலை மாட்டி மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் ஹெட்டைக் கழற்றலாம். சிலிண்டர் சுவர் தேய்ந்திருந்தால் கவலை இல்லை. சேலத்தில் எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறையில் போர் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அவர்கள் சொல்லும் 'இருபது', 'நாற்பது' எல்லாம் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு. ஏற்கெனவே கடைசி சைஸ் வரை கடைந்த பிளாக் என்றால் உள்ளே ஸ்லீவ் இறக்க வழியுண்டு.

பார்க்க வேண்டிய இடம் விரிசல். ஆயிலை வடித்தால் மோர் கலந்ததுபோல வெளுத்து வருகிறதா? அப்படியானால் தண்ணீர் ஆயிலோடு கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் அது சின்ன வேலை. பிளாக்கே வெடித்திருந்தால், வார்ப்பிரும்பு பற்றவைப்பது கைதேர்ந்தவர் வேலை, அதிலும் ஓட்டைக் குடத்துக்கு ஈயம் வைத்த கதையாகலாம். மகன் கட்சிக்கு நான் ஓட்டுப் போடும் ஒரே இடம் இதுதான்.

சட்டம் யார் பக்கம்? மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு ஆர்சி மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்ற அதிலேயே நிபந்தனையோடு ஒரு வழியும் இருக்கிறது. ஆகவே தருமபுரி ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். 2021-இல் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். 1960-களின் ஜீப்புக்கு டீசல் ஏற்றினால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். அதற்காக விண்டேஜ் பதிவு சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும் எடுத்துப் போகலாம். தினப்படி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. நிலத்துக்குத் தினமும் போய்வர ஜீப் வேண்டும் என்பவர் சாதாரண ஆர்சியையே புதுப்பித்துக்கொள்வது மேல்.

பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டாலும் ஒரு செலவு உண்டு. இன்று பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் இவற்றுக்கு அது ஆகாது. ஊறி, உப்பி, விரிந்துபோகும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டில்லை. முதல் வேலையாக அவற்றை எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுங்கள். இதை யாரும் 'ஒரிஜினாலிட்டி போச்சு' என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் சொல்லட்டும்.

இத்தனைக்கும் பிறகு டீசல்தான் என்று வீட்டில் முடிவானால், சேசிஸை வெட்டாமல் போல்ட்டு போட்டு முடிக்கிற மெக்கானிக்கைத் தேடுங்கள். கழற்றிய பெட்ரோல் எஞ்சினை எடைக்குப் போடாதீர்கள். தண்ணீரை முழுக்க வடித்து, பிளக் ஓட்டைகளில் ஆயில் விட்டு, திறந்த வாய்களைத் துணியால் அடைத்து, தரையில் படாமல் மரக்கட்டைமேல் ஏற்றி வையுங்கள். பிராக்கெட், போல்ட்டு, வாஷர் எல்லாவற்றையும் ஒரே டின்னில் போட்டு, டின்னை எஞ்சினோடு கம்பியால் கட்டிவிடுங்கள். பின்னாளில் மனசு மாறித் தேடும்போது எஞ்சின் கிடைத்துவிடும், போல்ட்டுதான் கிடைக்காது.